மத்தியானத்து ஒட்சிசன்

உங்கள் ஆய்வுகூடத்துக்குப் புது மீற்றர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தண்ணீருக்குள் விட்ட உடனேயே ஒட்சிசன் அளவைத் திரையில் காட்டுமாம். எங்களுடைய பழைய மீற்றர் நிலைக்கு வர நேரம் எடுக்கும். அதுவரை கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குளத்தடி இலையான் எல்லாம் முகத்தில் மொய்க்கும். அந்தக் கரைச்சல் உங்களுக்கு இல்லை. நல்லது.

ஓய்வு பெறும் வயது வருவதற்கு முன்னரே நான் வேலையை விட்டுவிட்டேன். ஏன் என்று பிரியாவிடை நாளில் உங்களில் சிலர் கேட்டீர்கள். முழங்கால் வருத்தம் என்று சொன்னேன். முழங்கால் வருத்தமும் உண்மைதான். மற்றக் காரணத்தை இங்கே எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதத்தான் எனக்குத் தெரியும். வாசித்து முடிக்கும்போது உங்களுக்கு உற்சாகம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வரவேண்டும் என்றும் எழுதவில்லை.

நீங்கள் படித்ததுதான் என்றாலும், குளத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குளத்துத் தண்ணீர் நாள் முழுவதும் ஒரே தண்ணீர் அல்ல. வெயில் ஏற ஏறப் பச்சைப் பாசி ஒட்சிசனை விடுகிறது. மத்தியானம் கழியும்போது தண்ணீரில் ஒட்சிசன் நிறைந்திருக்கும். பொழுது பட்டதும் பாசி கொடுப்பதை நிறுத்திவிட்டு, மற்ற உயிர்களைப் போலத் தானும் எடுக்கத் தொடங்கும். மீன் எடுக்கும், நத்தை எடுக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா எடுக்கும். உக்கி அழுகக்கூடியது ஏதாவது கிடைத்தால் பற்றீரியா தின்னும். தின்பதற்கு மூச்சும் விட வேண்டும். தண்ணீர் சூடானால் இரண்டையும் வேகமாகச் செய்யும். சித்திரை மாதத்தில் எங்கள் குளங்களில் விடியற்காலையிலும் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். வாடைக்காற்று நின்று, சோளகக் காற்று இன்னும் எழும்பாத நாட்கள் அவை. தண்ணீரைக் கலக்கி மேலிருந்து ஒட்சிசனை உள்ளே இறக்குவதற்குக் காற்றும் இல்லை.

ஆகவே, சூரியன் எழும்புவதற்குச் சற்று முன்னர்தான் குளத்தில் ஒட்சிசன் ஆகக் குறைவாக இருக்கும். எங்கள் அலுவலகம் எட்டரைக்குத் திறக்கும். நான் சொல்லப்போகும் சம்பவம் முழுவதும் இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில்தான் நடந்தது.

ஊர் வலிகாமத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். கோயிலுக்கு முன்னால் குளம். மாரி மழைக்கு நிரம்பி, ஆவணிக்குள் வற்றிவிடும் குளம். அந்த வருடம் மழை ஓய்ந்ததும் ஊரின் நன்னீர் மீன் சங்கம் அதில் திலாப்பியாக் குஞ்சுகளை விட்டிருந்தது. வளர்ந்த மீனை விற்றுப் பாலர் பாடசாலைக்குக் கூரை மாற்றுவது என்று கூட்டத்தில் தீர்மானித்திருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் குலேந்திரன். பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசையும், அதை உடனே செய்து முடிக்க வேண்டும் என்ற அவசரமும் உள்ள மனிதர்.

குளத்தின் கிழக்குக் கரையோடு ஒட்டி ஒரு வெங்காயத் தோட்டம் இருந்தது. அதைக் குத்தகைக்குச் செய்தவர் தவராசா. மயிலிட்டியில் கடலுக்குப் போன குடும்பம். சண்டையில் இடம்பெயர்ந்து, பல இடங்களில் இருந்து, கடைசியில் இந்த ஊருக்கு வந்து தோட்டம் செய்யப் பழகியவர். வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் ஊரவர்கள் அவரை 'மயிலிட்டியார்' என்றே கூப்பிட்டார்கள். கோபமாக அல்ல. ஆனாலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கோயிலில் கொடியேறிய அடுத்த நாள் நான் அந்தக் குளத்துக்குப் போனேன். திருவிழா முடிவில் சாமி குளத்தில் இறங்கும் தீர்த்தத்துக்குத் தண்ணீர் உகந்ததா என்று பரிசோதித்துத் தரும்படி கோயில் சபை எங்களிடம் கேட்டிருந்தது. குலேந்திரன் படிக்கட்டில் நின்று வரவேற்றார்.

"பாருங்கோ மிஸ், கண்ணாடி மாதிரிக் கிடக்கு! போன கிழமை வந்திருந்தால் தண்ணியே தெரிஞ்சிராது. முழுக்கச் சல்வீனியா."

"அதெல்லாம் இப்ப எங்கை?"

"உதிலை," என்று கிழக்கு மூலையைக் காட்டினார்.

குளத்தை மூடி மிதந்த சல்வீனியாச் செடி முழுவதும் அந்த மூலையில் ஒரு மேடாகக் குவிந்து கிடந்தது. மேல்பாதி வெயிலில் காய்ந்து பழுப்பாகியிருந்தது. கீழ்ப்பாதி தண்ணீருக்குள் இருந்தது.

"வெளியிலை எடுத்துப் போடேல்லையோ?"

"சிரமதானத்துக்கு ஊரே வந்தது மிஸ். கையாலை அள்ளினால் ஒரு கிழமை. வலையாலை வளைச்சு, ரெண்டு பக்கமும் ஆக்கள் நிண்டு இழுத்து, ஒரு பகலிலை முடிச்சுப்போட்டம். கரைவலை இழுக்கிற மாதிரி. ஏலேலோ பாட்டு மட்டும்தான் இல்லை."

"குலேந்திரன், அது தண்ணிக்குள்ளை கிடந்து உக்கினால் உங்கடை மீன் செத்துப்போகும்."

அவர் சிரித்தார். "குளத்திலை முளைச்சது குளத்திலை உக்குது. அதுக்கு மீன் ஏன் சாகோணும்?"

நான் ஒரு கம்பை எடுத்துக் குவியலுக்குப் பக்கத்துச் சேற்றில் குத்தினேன். குமிழி குமிழியாக மேலே வந்தது. கூழ்முட்டை நாற்றம். குலேந்திரன் சால்வையால் மூக்கைப் பொத்தினார். ஒட்சிசன் முடிந்த இடத்தில், அது இல்லாமல் வாழக்கூடிய வேறு பற்றீரியாக்கள் வேலையைத் தொடங்கிவிட்டன, அந்த நாற்றம் அவற்றினுடையது, இப்போதைக்கு மூலையில் மட்டும் இருக்கிறது, நடுக் குளத்துக்கும் வரும் என்று சொன்னேன். மூடியிருந்த செடி போய்விட்டதால் வெயில் உள்ளே விழும், தண்ணீர் பச்சையாகும், பகலில் எல்லாம் சரிபோலத் தெரியும், இரவில் மூச்சு முட்டும் என்றும் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"றக்டர் பிடிச்சு உதை ஏத்துங்கோ. ஏலாட்டில் மீனை இந்தக் கிழமையே பிடிச்சு வித்துப்போடுங்கோ."

இரண்டாவதைக் கேட்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது. "மிஸ், கொடியேறிட்டுது! தீர்த்தம் முடியுமட்டும் ஊரிலை ஒரு வீட்டிலையும் மச்சம் இல்லை. சாமி குளிக்கிற குளத்திலை நான் மீனுக்கு வலை வைக்கிறதோ? என்னையெல்லோ தாட்டுப்போடுவினம்."

"அப்ப றக்டர்?"

"இருக்கிற றக்டர் ரெண்டும் பந்தல் வேலையிலை நிக்குது. தீர்த்தத்துக்கு அடுத்த நாள் விடிய ஏத்துறம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மேலதிகாரியிடம் நிலைமையைச் சொன்னேன். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அவரிடம் கற்றதுதான். மீற்றர் பூச்சியம் காட்டினால் முதலில் மீற்றரைச் சந்தேகப்படு, பிறகு தண்ணீரை, கடைசியில் உன்னை என்று பழக்கியவர் அவர். கேட்கப்படாத கேள்விக்கு விடை எழுதாதே என்பதும் அவருடைய விதிதான். அந்த விதி எங்களைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

"எங்களிட்டைக் கேட்டது சாமி குளிக்கலாமோ எண்டு," என்றார். "மீனைப் பற்றி ஒருத்தரும் கேட்கேல்லை. வாயாலை சொல்லிப்போட்டீர்தானே? அது காணும்."

அந்தக் கிழமையில் மூன்று தடவை குலேந்திரனுக்குத் தொலைபேசியில் கதைத்தேன். கடைசித் தடவை பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "ஓம் மிஸ், ஓம் ஓம், செய்வம்," என்றார். அவர் என்னுடைய சொல்லைக் கேட்டாரா, நாதஸ்வரத்தைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

தீர்த்தத்துக்கு முதல் நாள், நான் அலுவலகத்துக்குள் கால் வைத்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. குளம் முழுக்க மீன் செத்து மிதக்கிறது என்று ஊரில் இருந்து சொன்னார்கள். அந்த நிமிடமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். மீற்றர் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. திறப்பு மேலதிகாரியிடம். அவர் ஒரு கூட்டத்தில் இருந்தார். மீற்றரை வெளியே கொண்டுபோவதானால் அலுவலக வாகனத்தில்தான் கொண்டுபோக வேண்டும். வாகனம் தொண்டைமானாற்றுத் தடுப்பணைக்கு வேறொரு தண்ணீர் மாதிரி எடுக்கப் போயிருந்தது. எல்லாம் ஒழுங்கான விதிகள். ஒவ்வொன்றையும் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நானும் மேலதிகாரியும் குளத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது நடு மத்தியானம். நிழல் காலடியில் கிடந்தது.

மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு படிக்கட்டுவரை ஒதுங்கிக் கிடந்தன. தண்ணீர் நான் எதிர்பார்த்தபடியே நல்ல பச்சையாக இருந்தது. ஊர் முழுவதும் கரையில் நின்றது. ஆனால் ஒருவரும் குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாரும் தவராசாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய காலடியில் மருந்தடிக்கும் மெசின் கிடந்தது. அதைத் தோட்டத்துக் கொட்டிலில் இருந்து யாரோ தூக்கிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள்.

"நேற்றுப் பின்னேரம் மருந்தடிச்சனியோ இல்லையோ?" குலேந்திரனுடைய குரல் கம்மிப்போயிருந்தது. அழுதிருந்தார் என்று தெரிந்தது.

"அடிச்சனான். வெங்காயத்துக்கு அடிச்சனான். குளத்துக்கு ஏன் தம்பி அடிக்கிறன்? மீன்காரன் மீனுக்கு நஞ்சு வைப்பானோ?"

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "கடல் மீன் எண்டால் வையான். குளத்து மீன் சந்தைக்கு வந்தால் உவையின்ரை ஆக்களின்ரை மீனை ஆர் வாங்கிறது?"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அது ஒரு காரணமாகவே நிலைத்துவிட்டது.

தவராசா என்னைக் கண்டார். "மிஸ் வந்திட்டா. மிஸ், நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. நான் விடிய மோட்டர் போட வந்தனான். அப்ப மீன் எல்லாம் மேலை வந்து வாயைப் பிளந்து பிளந்து நிண்டது. என்ரை கண்ணாலை பாத்தனான்."

மூச்சு முட்டிய மீன் அப்படித்தான் நிற்கும். எனக்கு வேண்டிய சாட்சி அது. உண்மையில் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி. அவர் சொல்லி முடிக்க முதலே குலேந்திரன் திரும்பினார்.

"அப்ப விடிய நீ குளத்தடியிலை நிண்டனி!"

"மோட்டர் போட—"

"மீன் சாகிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனி. ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"மோட்டர் போட்டிட்டு வந்து சொல்லுவம் எண்டு…"

அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை.

மேலதிகாரி என்னைப் பார்த்தார். "அளவும்," என்றார். நான் இறங்கி, மீற்றரைத் தண்ணீருக்குள் விட்டுக் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள். எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. எந்தப் பாடப் புத்தகத்திலும் நல்ல குளம் என்று எழுதியிருக்கும் எண். மேலதிகாரி அதைச் சத்தமாக வாசித்தார்.

"ஒட்சிசன் நல்லாய் இருக்கு."

"இது மத்தியானத்து ஒட்சிசன்," என்றேன். "மீன் செத்தது விடியப்புறம். அப்ப இதிலை ஒண்டும் இருந்திராது."

"அப்ப நீங்கள் அளந்தனீங்களோ மிஸ்?" என்று கோயில் சபைத் தலைவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"இல்லை."

"அளவாமல் எப்பிடிச் சொல்லுறியள்?"

என்னிடம் வேறு சாட்சிகள் இருந்தன. தண்ணீரின் மேல் நீர்ப்பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. காட்டினேன். பூச்சிமருந்து விழுந்திருந்தால் முதலில் சாகவேண்டியது பூச்சிதான் என்றேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போனது. அதையும் காட்டினேன். அது தண்ணீரின் ஒட்சிசனை நம்பி வாழாத மீன், அதனால்தான் அது உயிரோடு இருக்கிறது, நஞ்சு என்றால் அதுவும் செத்திருக்கும் என்றேன்.

"விரால் எதுக்குத்தான் செத்தது?" என்றார் ஒருவர்.

"மிஸ் இப்ப பூச்சி பிடிக்க வெளிக்கிட்டிட்டா," என்றார் இன்னொருவர்.

"வெங்காயம் ரெண்டு பிடி மிஸ் வீட்டை போயிருக்கும்," என்று பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. அதற்குத்தான் அதிகம் பேர் சிரித்தார்கள்.

மேலதிகாரி என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "நம்பர் சரியோ, பிழையோ?"

"சரி."

"மீற்றர்?"

"சரி."

"அப்ப எழுதும்."

"நேரத்தையும் எழுதுவன் சேர். விடிய அளவேல்லை எண்டும் எழுதுவன்."

"எழுதும். ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

அவர் சொன்னது சரி. அறிக்கையில் அந்த வசனங்கள் இரண்டும் இருந்தன. ஊருக்குள் போனது எண் மட்டும்தான். ஆய்வுகூடத்தில் இருந்து வந்தவர்களே தண்ணீரில் குறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், குறை தண்ணீரில் இல்லை என்றால் மருந்தில்தான் என்று ஊர் கணக்கை முடித்துவிட்டது. அந்தக் கணக்கில் நான் பிழை சொல்ல முடியாது. கொடுத்த எண்ணை வைத்துப் பார்த்தால் அந்த விடைதான் வரும்.

அடுத்த நாள் சாமி குளத்தில் இறங்கவில்லை. கோயில் கிணற்றடியில் தீர்த்தம் நடந்தது. அந்த ஊர் இடம்பெயர்ந்திருந்த காலத்தைத் தவிர அப்படி நடந்ததே இல்லையாம். மீன் போன கவலையோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

அதற்கு அடுத்த நாள் மேலதிகாரி மீற்றர் அலுமாரியின் திறப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் விடிய முன்னர் ஸ்கூட்டியில் போய் அளந்தேன். பூச்சியத்தில் இருந்து சற்றுத்தான் மேலே. முதலில் மீற்றரைச் சந்தேகப்பட்டேன். வெளிக் காற்றில் பிடித்துச் சரி பார்த்தேன். மறுபடியும் அளந்தேன். அதே எண். வெளிச்சம் வந்ததும் நேரே சபைத் தலைவர் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். குலேந்திரனையும் கூப்பிட்டார்கள்.

குலேந்திரன் எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உக்கிறது இருந்தால் ஒட்சிசன் குறையும் எண்டு நீங்கள்தானே மிஸ் சொன்னனீங்கள். இப்ப குளம் முழுக்கச் செத்த மீன். அது அழுகிக் குறைஞ்சிருக்கு. மீன் சாகமுந்திக் குறைஞ்சதெண்டு இது எப்பிடிக் காட்டும்?"

நான் சொல்லிக் கொடுத்ததை அவர் சரியாக விளங்கிக்கொண்டிருந்தார். என் பரிசோதனையை நானே வேறு யாரிடமாவது பார்த்திருந்தால் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்.

தண்ணீரையும் சேற்றையும் மீனையும் பூச்சிமருந்துப் பரிசோதனைக்காகக் கொழும்புக்கு அனுப்பினோம். அது வர மாதங்கள் எடுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தவராசாவுக்கு மாதங்கள் இருக்கவில்லை. அவருடைய மோட்டரின் குழாயை யாரோ வெட்டிவிட்டார்கள். வெங்காயம் கிண்டக் கூலிக்கு ஒருவரும் வரவில்லை. அவரும் மனைவியும் கிண்டிச் சேர்த்ததைச் சந்தையில் வாங்க ஒருவரும் முன்வரவில்லை. 'நஞ்சு வெங்காயம்' என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. குத்தகைக்குக் கொடுத்தவர் காணியைத் திருப்பிக் கேட்டார். தவராசாமேல் பொலிசில் முறைப்பாடும் இருந்தது. சாட்சி இல்லாததால் அது அப்படியே கிடந்தது. கிடந்ததுதான் மோசம். விசாரித்திருந்தால் ஒரு முடிவு வந்திருக்கும்.

கொழும்பில் இருந்து முடிவு வந்தபோது குளம் வற்றி, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. எந்த மருந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்தத் தாளின் பிரதியோடு குலேந்திரனின் கடைக்குப் போனேன். அவர் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"கண்டுபிடிக்கேல்லை எண்டுதானே கிடக்கு மிஸ். இல்லை எண்டு இல்லையே. கரைஞ்சு போயிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "விடுங்கோ மிஸ். அந்தாள் ஊரை விட்டுப் போட்டுது. இனி என்னத்துக்கு?" என்றார். கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர் கொடூரமானவர் அல்ல. இன்னொரு தடவை அந்தக் கதையைத் தொடங்க அவருக்குத் தெம்பு இல்லை. அவ்வளவுதான்.

இராணுவம் பிடித்து வைத்திருந்த மயிலிட்டிக் காணிகளை அதற்குள் விட்டிருந்தார்கள். தவராசா அங்கே திரும்பிப் போயிருந்தார். விசாரித்துக்கொண்டு ஒரு பின்னேரம் துறைமுகத்துக்குப் போனேன். அவருக்குச் சொந்தப் படகு இல்லை. வேறொருவருடைய படகில் கூலிக்குப் போய்வந்து, கரையில் இருந்து, வலையில் சிக்கிய மீனைத் தெரிந்து எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"மிஸ், தள்ளி நில்லுங்கோ, சீலையிலை செதில் ஒட்டும்." பிறகு சிரித்தார். "இஞ்சை மீன் செத்தால் ஒருத்தரும் பொலிசுக்குப் போகமாட்டினம்."

தாளைக் கொடுத்தேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். ஆங்கிலத்தில் இருந்தது. என்ன சொல்லியிருக்கிறது என்று சொன்னேன்.

"இதை நான் ஆருக்குக் காட்டுறது, மிஸ்?" என்றார். "இஞ்சை எல்லாருக்கும் என்னைத் தெரியும், காட்டத் தேவையில்லை. அங்கை காட்டினால் ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

வலையில் இருந்து இன்னும் இரண்டு மீனைக் கழற்றிக் கூடைக்குள் போட்டார். பிறகு நிமிர்ந்தார். "அது சரி, மீன் ஏன் செத்தது?"

நான் சந்தோசப்பட்டேன். அதை மறைக்கப் போவதில்லை. அத்தனை மாதங்களில் அந்தக் கேள்வியை விடை தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட முதல் ஆள் அவர். ஒன்றும் விடாமல் சொன்னேன். சூடு, காற்று நின்றது, பகலில் பாசி கொடுப்பது, இரவில் எல்லாம் சேர்ந்து எடுப்பது, உக்கும் செடியைத் தின்னும் பற்றீரியா. கடலில் வளர்ந்தவர். காற்று நின்ற தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"எந்தச் செடி உக்கினது?"

"சிரமதானத்திலை மூலைக்கு இழுத்துவிட்ட சல்வீனியா. அதைத் தண்ணியிலை இருந்து வெளியிலை எடுத்திருந்தால் ஒண்டும் நடந்திராது."

அவருடைய கை வலையில் நின்றுவிட்டது.

"வலையாலை வளைச்சு இழுத்ததோ?"

"ஓம்."

"அது என்ரை வலை, மிஸ்."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அப்பர்ரை கரைவலையிலை ஒரு துண்டு. இடம்பெயரேக்கை கொண்டுபோனது. சும்மா கிடந்தது. யோசனையும் நான்தான் சொன்னனான். கையாலை அள்ளிச் சரிவராது, வளைச்சுப் பிடிச்சு இழுப்பம் எண்டு. தண்ணிக்குள்ளை முன்னுக்கு நிண்டு கயிறு பிடிச்சதும் நான்." அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்டைக்குத்தான் அந்த ஊர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. 'தவராசா அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ, நாங்கள் இழுக்கிறம்' எண்டு. குலேந்திரன்தான் கூப்பிட்டவன்."

"உங்களுக்குத் தெரியாதுதானே. ஊர் முழுக்கத்தானே இழுத்தது. எடுத்து ஏத்தச் சொல்லி நான் குலேந்திரனுக்குச் சொன்னனான், அவர்—"

"மூலையிலை விடுவம், பேந்து பாப்பம் எண்டு சொன்னதும் நான்தான்."

ஒரு படகு உள்ளே வந்தது. அவர் எழும்பிப் போய் அதன் கயிற்றை வாங்கிக் கட்டிவிட்டு வந்தார்.

"அப்ப அவையள் சொன்னது சரிதான்," என்றார்.

இல்லை என்று சொன்னேன். பல விதமாகச் சொன்னேன். நஞ்சு வைப்பது வேறு, இது வேறு என்றேன். அவர் மறுக்கவில்லை. தாளை ஒழுங்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்களே வைச்சிருங்கோ மிஸ். இதிலை நான் செய்யேல்லை எண்டெல்லோ கிடக்கு."

தாள் என்னிடம்தான் இருக்கிறது. அவரை நிரபராதி என்று நிரூபிக்கப் போனவள், அவரே நம்பக்கூடிய ஒரு குற்றத்தை அவருடைய கையில் கொடுத்துவிட்டு வந்தேன். சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இன்னொரு தடவை அவர் கேட்டால் என்ன சொல்வேன் என்று பல வருடங்களாக யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு விடை வரவில்லை. உங்களுக்கு வந்தால் நல்லது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விடிய முன்னர் போங்கள். மீற்றரை எட்டரைக்குத் திறக்கும் அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள், எண்ணின் அளவுக்கே பெரிதாக எழுதுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் எண் சரியாக இருக்கும். அதனால் யாராவது காப்பாற்றப்படுவார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது.

போன சித்திரையில் அந்த ஊர்ப் பக்கம் போக நேர்ந்தது. குளத்தடியில் இறங்கிப் பார்த்தேன். சிரமதானம் முடிந்திருந்தது. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. சல்வீனியா கிழக்கு மூலையில் குவிந்து கிடந்தது. படிக்கட்டில் நின்ற இளைஞர்களிடம், எப்படி இவ்வளவையும் இழுத்தீர்கள் என்று கேட்டேன்.

"வலையாலை, அன்ரி. மயிலிட்டியார் இழுவை எண்டு சொல்லுறது. ஒரு பகலிலை முடிஞ்சிடும்."

மயிலிட்டியார் யார் என்று கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை. செடியை வெளியே எடுக்கும்படி சொன்னேன். "ஓம் அன்ரி, செய்வம்," என்றார்கள். கோயிலில் கொடி ஏறியிருந்தது. காற்று இல்லை.

கிழக்குக் கரைத் தோட்டத்தில் ஒருவர் மிளகாய்க்கு மருந்தடித்துக்கொண்டு நின்றார். வேலியடிக்குப் போய், எந்த ஊர் என்று கேட்டேன். வடமராட்சிப் பக்கம், இந்த வருடம்தான் குத்தகைக்கு எடுத்தேன் என்றார். நான் யார், எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. இத்தனை வருடம் படித்ததிலும் அளந்ததிலும் இருந்து அவருக்குப் பயன்படக்கூடியது என்று என்னிடம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதைச் சொன்னேன்.

"தம்பி, தீர்த்தம் முடியுமட்டும் விடியப்புறத்திலை குளத்துப் பக்கம் வராதையுங்கோ. ஒருத்தரும் உங்களை அங்கை காணக்கூடாது."